பொத்தானை அழுத்தியவர் உரிமையாளர் அல்லர்

இணையவழியில் ஆடப்படும் மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் அமர்வுகளைப் பதிவுசெய்து பொதுவெளியில் வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. நடத்துநர் பதிவுப் பொத்தானை அழுத்துகிறார். நான்கு மணிநேரம் கழித்து நிறுத்துகிறார். மறுநாள் அது யூடியூபில் ஏறிவிடுகிறது. சில காலம் கழித்து மொழியியல் துறையிலிருந்தோ பண்பாட்டு ஆய்வுத் துறையிலிருந்தோ ஒருவர் வந்து, இயல்பான பன்மொழி உரையாடல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று மகிழ்ந்து தரவிறக்கிக்கொள்கிறார். இவ்விரு செயல்களுக்கும் நடுவில் எழவேண்டிய கேள்வி எழுவதே இல்லை: அந்தப் பேச்சு யாருடையது?

பேசிய அனைவருடையதும்தான். பதிவுப் பொத்தான் யார் கணினியில் இருக்கிறது என்பதால் உரிமை இடம் மாறுவதில்லை. மேசையில் இருந்த ஒருவர் மறுத்தாலும் அப்பதிவு பொதுவெளிக்குச் செல்லக்கூடாது. சென்றுவிட்ட பதிவை எடுத்தாளும் ஆய்வாளர், ‘ஏற்கெனவே பொதுவில் இருந்தது’ என்று சொல்லித் தப்பிக்கவும் கூடாது. இவ்விரண்டையும் மறுப்போர் முன்வைக்கும் வாதங்கள் ஐந்து. ஐந்தும் ஆராயத்தக்கவை, ஒன்றும் நிலைக்கத்தக்கதன்று.

விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் உருவாக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி. ஒருவர் கதையுலகை விவரிப்பார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரமாகப் பேசி, ஐயம் எழும் இடத்தில் பகடை உருட்டி முடிவுகாண்பர். எழுதி வைத்த வசனம் கிடையாது. பார்வையாளரும் கிடையாது. மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களே கதையை ஆக்குவோரும் கேட்போரும் ஆவர். டிஸ்கார்டு போன்ற தளங்கள் வந்தபின் மேசையே தேவையற்றுப் போனது. மட்டாஞ்சேரி பஜார் சாலையை ஒட்டிய ஒரு மாடியறையில் நடத்துநர் அமர்ந்திருக்க, ஃபோர்ட் கொச்சி வெளியிலிருந்து ஒருவரும், கோயம்புத்தூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் தலைக்கு ஒருவரும் சேரும் ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்ளலாம். இங்கு இரவு ஒன்பது மணி. டொராண்டோவில் இன்னும் நண்பகல் ஆகவில்லை. தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்தோடுகின்றன. கீழே வரும் வாதங்களை இந்த ஐவரை வைத்தே சோதிக்கலாம்.

முதல் வாதம்: ‘பேசியது பாத்திரம், ஆள் அன்று. கற்பனைப் பாத்திரத்துக்கு ஏது அந்தரங்கம்?’

இவ்விளையாட்டைச் சமூகவியல் நோக்கில் முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவரான கேரி ஆலன் ஃபைன், 1983-இல் வெளியான தம் நூலிலேயே இதற்கு விடை தந்துவிட்டார். எர்விங் காஃப்மனின் சட்டகக் கோட்பாட்டைப் பொருத்தி அவர் காட்டியது இது: மேசையில் அமர்ந்திருப்பவர் ஒரே வேளையில் மூன்று நிலைகளில் இயங்குகிறார். அவர் வீடும் வேலையும் உள்ள ஒரு மனிதர். விதிகளை அறிந்த ஆட்டக்காரர். கதையுலகில் வாழும் பாத்திரம். இந்நிலைகளுக்கிடையே அவர் நொடிக்கு நொடி தாவுகிறார். வாளை உருவும் வீரனின் கர்ஜனைக்கு அடுத்த மூச்சிலேயே, ‘இருங்க, அம்மா கூப்பிடுறாங்க’ என்ற குரலும் வரும். பதிவுக் கருவி இம்மூன்றையும் பிரித்தறியாது. மூன்றும் ஒரே ஒலிக்கோப்பில் விழும்.

அதோடு, பாத்திரம் என்பது முகமூடி மட்டுமன்று. வீட்டில் உச்சரிக்க முடியாத ஒரு பெயரையும், தெருவில் அணிய முடியாத ஒரு பாலினத்தையும், குடும்பத்தின் முன் காட்ட முடியாத ஒரு சினத்தையும் பலர் முதன்முதலில் அணிந்து பார்ப்பது இத்தகைய மேசையில்தான். அங்கே அது இயலுவதற்குக் காரணம், கேட்பவர் நால்வர் மட்டுமே என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கையின் பேரில் பேசப்பட்டதை அத்தையும் மாமனும் அலுவலக மேலாளரும் கேட்கும் இடத்தில் வைத்துவிட்டு, ‘பேசியது பாத்திரம்தானே’ என்பது பொறுப்பற்ற பேச்சு.

இரண்டாம் வாதம்: ‘பெயரை மறைத்துவிட்டால் போதும்.’

இதைப் பிற துறையினர் சொன்னால் அறியாமை எனலாம். மொழியியல் படித்தவர் சொல்வதை எப்படி ஏற்பது? குரலே முகவரி என்பது இத்துறையின் அடிப்படைப் பாடம். வில்லியம் பிரைட்டும் ஏ. கே. ராமானுஜனும் 1960-களில் எழுதிய ஆய்வுகள் தொடங்கி, தமிழின் சமூகக் கிளைமொழிகள் பற்றிய ஆய்வு மரபு முழுவதும் ஓர் உண்மையின் மேல் நிற்கிறது: தமிழில் ஒலிப்பும் சொல்தேர்வும் வினைமுற்றும் பேசுபவரின் ஊரை மட்டுமன்றிச் சாதியையும் காட்டிக்கொடுக்கக்கூடும். அந்த அடையாளத்தைக் கண்டறியும் திறனுக்கு முனைவர் பட்டம் வழங்கும் துறை, அதே அடையாளம் ஒலிக்கோப்பில் இல்லாததுபோல் நடிக்க முடியாது.

மட்டாஞ்சேரி போன்ற இடத்தில் இந்த ஆபத்து பன்மடங்கு. நடந்தே கடந்துவிடக்கூடிய பரப்புக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் எனப் பல மொழிச் சமூகங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அருகே வெளியில் உள்ள தோபி கானாவில் சலவைத்தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறியவை. அவ்வாறான ஒரு குடும்பத்திலிருந்து வந்து மேசையில் சேர்ந்த இளைஞர், மலையாளத்தின் சாயல் படிந்த தம் வீட்டுத் தமிழில் இரண்டு வாக்கியம் பேசினால் போதும். அவருடைய தெருவையும் குலத்தொழிலையும் கேட்பவர் கணித்துவிடுவார். திரையில் ‘ஆட்டக்காரர் 3’ என்று எழுதியிருப்பதால் அவருக்கு என்ன காப்பு? இன்று சில நிமிட ஒலியை வைத்தே ஒருவரின் குரலைச் செயற்கையாக உருவாக்க முடியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெயர்மறைப்பு என்பது ஆய்வறக் குழுவின் படிவத்தை நிரப்ப மட்டுமே உதவுகிறது.

மூன்றாம் வாதம்: ‘பதிவு நடப்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மறுக்கவில்லை.’

டிஸ்கார்டில் பலரும் பயன்படுத்தும் ‘கிரெய்க்’ என்னும் பதிவு நிரல், பதிவு தொடங்கியதை எல்லோருக்கும் அறிவிக்கிறது. ஆனால் அறிவிப்பு வேறு, இசைவு வேறு. ஐந்து நண்பர்கள் ஆவலோடு காத்திருக்கும் இரவில், ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் ஆட்டமே நின்றுபோகும். அந்தச் சுமையை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, அவருடைய மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கெழுதுவது அறமன்று. மேலும், தொடக்கத்தில் தரும் இசைவு எதற்கான இசைவு? எழுதி வைத்த வசனம் இல்லாத விளையாட்டில், மூன்றாம் மணிநேரத்தில் என்ன பேசப்படும் என்பது முதல் நிமிடத்தில் எவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு முன்கூட்டியே முழு இசைவு தர எவராலும் இயலாது.

வியப்பு என்னவென்றால், இந்த நுட்பத்தை விளையாட்டுலகம் ஏற்கெனவே அறிந்திருக்கிறது. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் வடிவமைத்த ‘எக்ஸ் அட்டை’ இன்று பல மேசைகளில் வழக்கில் உள்ளது. கதை ஒருவருக்குத் தாங்க முடியாத திசையில் சென்றால் அவர் அந்த அட்டையைத் தொடுவார். காரணம் சொல்லத் தேவையில்லை. மற்றவர் கேட்கவும் கூடாது. அந்தப் பகுதி கதையிலிருந்து நீங்கும்; ஆட்டம் தொடரும். இசைவு என்பது எந்த நொடியிலும் திரும்பப் பெறத்தக்கது என்னும் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான வடிவம் பல ஆய்வறக் கையேடுகளிலும் இல்லை. ஆனால் அமர்வு அப்படியே பதிவேற்றப்படும்போது நடப்பது என்ன? கதையிலிருந்து நீக்கப்பட்டது பதிவில் அப்படியே நிற்கிறது. அதைவிடக் கொடியது, அட்டையைத் தொட்ட அந்த நொடியும் நிற்கிறது. ஒருவர் எதைத் தாங்க மாட்டார் என்பது உலகத்துக்கே அறிவிக்கப்படுகிறது. மேசையில் அட்டையை வைத்துவிட்டுப் பதிவை முழுமையாக வெளியிடும் நடத்துநர், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறிக்கிறார்.

இங்கே ‘கிரிட்டிக்கல் ரோல்’ நிகழ்ச்சியை முன்னுதாரணமாகக் காட்டுவோர் உண்டு. நண்பர்களின் வீட்டு விளையாட்டாகத் தொடங்கி, 2015 மார்ச்சில் ட்விட்ச் தளத்தில் நேரலையாகி, 2019-இல் ஓர் அசைவூட்டப் படத்துக்காக நேயர்களிடமிருந்தே 1.1 கோடி டாலருக்கு மேல் திரட்டிய நிகழ்ச்சி அது. அதன் ஆட்டக்காரர்கள் குரல்நடிப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஒலிவாங்கியின் முன் எதைக் காட்டுவது, எதைக் காக்க வேண்டும் என்பது அவர்கள் பயின்ற கலை. அந்த நிகழ்ச்சி அவர்களுடைய சொந்த நிறுவனமாகவே வளர்ந்தது. ஊதியமும் உரிமைப் பங்கும் பயிற்சியும் இல்லாத ஐந்து நண்பர்களுக்கு அதிலிருந்து பொதுவிதி வகுப்பது, திரைப்பட நடிகர் படமெடுக்கப்படுகிறார் என்பதற்காக அடுத்த வீட்டுச் சன்னலுக்குள் கேமராவை நீட்டுவது போன்றது.

நான்காம் வாதம்: ‘ஏற்கெனவே பொதுவில் உள்ளது. எடுத்தாளத் தடை ஏது?’

2016-இல் டென்மார்க்கைச் சேர்ந்த மாணவ ஆய்வாளர்கள், ஓகேகியூபிட் என்னும் இணை தேடும் தளத்திலிருந்து ஏறத்தாழ 70,000 பயனர்களின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டபோது சொன்ன சமாதானமும் இதுவே. உலகெங்கும் ஆய்வாளர்கள் அதைக் கண்டித்தனர். இணைய ஆய்வாளர்களுக்கான பன்னாட்டுச் சங்கம் தன் முதல் அறநெறிப் பரிந்துரைகளை வெளியிட்டது 2002-இல். அப்போதே, தளத்தின் தன்மையை மட்டும் பாராமல், அங்கே பேசியவர் எத்தகைய எதிர்பார்ப்போடு பேசினார் என்பதையும் பார்க்க வேண்டும் என்ற கேள்வி எழுப்பப்பட்டுவிட்டது. கால் நூற்றாண்டு நெருங்கும் வேளையில் இன்னும் ‘பொதுவில் இருந்தது’ என்று ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் எழுதுவது சோம்பல்.

இந்தியச் சட்டமும் இந்தச் சோம்பலுக்குத் துணை நிற்கவில்லை. 2023-இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவெளித் தரவுக்கு விலக்களிப்பது உண்மை. ஆனால் அவ்விலக்கு, தரவுக்கு உரியவர் தாமே பொதுவில் வைத்ததற்கும், வைக்குமாறு சட்டம் கட்டாயப்படுத்தியதற்கும் மட்டுமே உரியது. மட்டாஞ்சேரி நடத்துநர் ஏற்றிய கோப்பில் யாழ்ப்பாணத்துக்காரரின் குரல் இருந்தால், அதை வைத்தவர் குரலுக்குரியவர் அல்லர். ஆய்வுக்கென அச்சட்டத்தில் தனி விலக்கு இருப்பதும் உண்மையே. சட்டம் விட்டுக்கொடுத்த இடத்தில் அறம் தொடங்குகிறது என்பதை ஆய்வுலகத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

1957-இன் பதிப்புரிமைச் சட்டத்தையும் காணலாம். நேரடியாக நிகழ்த்தப்படும் காட்சி அல்லது ஒலி வடிவ வெளிப்பாட்டை அது நிகழ்த்துகை என்கிறது. நிகழ்த்துநர் பட்டியலில் நடிகர், பாடகர் மட்டுமன்றி, கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் விரிவுரையாளரும் இருக்கின்றனர். இறுதியில், நிகழ்த்துகை செய்யும் வேறு எவரும் என்ற தொடரும் உள்ளது. பாத்திரமேற்று நான்கு மணிநேரம் பேசியவர் இதற்குள் வரமாட்டார் என்று வாதிடுவது கடினம். அவருக்கு 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை உண்டு. தம் பெயர் சுட்டப்படவும், தம் புகழுக்குக் கேடாகத் திரிக்கப்படுவதை எதிர்க்கவும் 2012-இன் திருத்தம் அவருக்கு உரிமை தருகிறது. சொந்தப் பயன்பாட்டுக்காகவோ நேர்மையான கற்பித்தல், ஆய்வுக்காகவோ பதிவுசெய்வதை இதே சட்டம் அனுமதிக்கிறது; அந்த அனுமதி பதிவுசெய்வதற்கானது, ஊருக்கெல்லாம் பரப்புவதற்கானதன்று.

ஐந்தாம் வாதமே வலுவானது: ‘பதியாவிட்டால் அழியும். தமிழின் இயல்பான பேச்சுக்குப் போதிய தரவு இல்லை. இந்தத் தயக்கம் மொழிக்கே கேடு.’

இதன் முற்பாதி முற்றிலும் மெய். அதற்குக் கொச்சியே சான்று. போர்த்துகீசியர் வருகைக்குப்பின் இக்கடற்கரையின் லத்தீன் கிறித்தவரிடையே வளர்ந்த சவிட்டு நாடகத்தின் பழைய பாடங்கள் தமிழ் மிகுந்த மொழியில் அமைந்தவை. சார்லமேன் மன்னனின் கதையைச் சொல்லும் ‘காறல்மான் சரிதம்’ சின்னத்தம்பி அண்ணாவியின் பெயரோடு வழங்கிவருகிறது. ஆசான்களின் சுவடிகள் வழியே பாட்டு எஞ்சியது. பயிற்சிக் களத்தில் ஆசானும் ஆட்டக்காரரும் பேசிய பேச்சும், தமிழ்ப் பாட்டை மலையாள நாவுகள் பழகிக்கொண்ட விதமும், பிழைத்ததும் திருத்தியதும் எஞ்சவில்லை. மொழிக்கலப்பை ஆராய்வோருக்கு அது பேரிழப்பு. இன்றைய இணைய மேசையில் அதே தமிழும் மலையாளமும் மறுபடியும் கலக்கின்றன. இம்முறை பதியக் கருவி உண்டு. ஆகவே பதிவே வேண்டாம் என்பது இங்கே வாதமன்று.

அந்த வாதத்தின் பிற்பாதிதான் பொய். கவனமான இசைவு ஆவணத்தைக் குறைக்கும் என்பதற்கு எதிரான சான்றும் மட்டாஞ்சேரியிலேயே இருக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாடல்களைத் தம் கையெழுத்துக் குறிப்பேடுகளில் காத்துவந்தனர். 1950-களில் அச்சமூகத்தின் பெரும்பகுதி இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தது. பாடலின் ஊர் இங்கும் பாடுவோர் கடல் கடந்தும் ஆயினர். பார்பரா ஜான்சன் முதலிய ஆய்வாளர்கள் 1970-கள் தொடங்கிப் பாடியவர்களோடு பழகி, குறிப்பேடுகளை ஒப்பிட்டு, குரல்களைப் பதிந்தனர். அப்பாடல்களின் ஒலித்தட்டு எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையத்தால் 2004-இல் வெளியிடப்பட்டது. ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் பாடல்களை மொழிபெயர்ப்புடன் நூலாக்கினர். பதிவுக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம்.

இதே வரலாற்றில் இன்னொரு பெயர் நினைவுகொள்ளத்தக்கது. 1912-இல் கொச்சியில் பிறந்த ரூபி டேனியல் இப்பாடல்களை அறிந்தவர், மொழிபெயர்த்தவர். கள ஆய்வின் பழைய முறைப்படி அவர் ஒரு தகவலாளி. நன்றியுரையில் ஒரு வரி பெற்று மறைந்திருக்க வேண்டியவர். 1995-இல் வெளிவந்த அவருடைய நினைவுநூலின் அட்டையில் ஆசிரியராக முதலில் நிற்பது அவர் பெயர். பார்பரா ஜான்சனின் பெயர் உடனாசிரியராக வருகிறது. பேசியவருக்குப் பேச்சின் மீதுள்ள உரிமையை மதித்ததால் ஆவணம் மெலியவில்லை, செழித்தது. தரவின் தரமும் இதோடு பிணைந்ததே. தாம் கவனிக்கப்படுவதை அறிந்தவரிடம் கவனிக்கப்படாத பேச்சை எப்படிப் பெறுவது என்னும் முரணை வில்லியம் லபோவ் 1972-இலேயே கூர்மையாக முன்வைத்தார். பதிவு எங்கே போகும் என்று அஞ்சும் ஆட்டக்காரர் பேச்சைச் சீவிச் செப்பனிட்டே பேசுவார். தன்னிடமே இருக்கும், தன்னைக் கேட்காமல் போகாது என்று நம்புபவரே மேசையை மறந்து பேசுவார். இயல்பான தமிழ் வேண்டுவோர் முதலில் ஈட்ட வேண்டியது அந்த நம்பிக்கையைத்தான்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பதிவு செய்வதற்கும் வெளியிடுவதற்கும் தனித்தனியே இசைவு பெறலாம்; இரண்டாவதை ஆட்டம் முடிந்து, எல்லோரும் கேட்டுப் பார்த்தபின் பெறலாம். மேலே சொன்ன பதிவு நிரல் ஒவ்வொருவர் குரலையும் தனித்தனித் தடத்தில் சேமிக்கிறது. எனவே ஒருவர் தம் பேச்சை நீக்கக் கோரினால் நீக்குவது எளிது. மற்றவர்களின் மறுமொழியில் அவர் சாயல் எஞ்சும் இடங்களை அவரோடு அமர்ந்து வெட்டலாம். எக்ஸ் அட்டை தொடப்பட்ட பகுதி, எவரும் கேட்காமலே, பதிவிலிருந்து நீங்க வேண்டும். மறுப்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்ற மேசை விதியே வெளியீட்டுக்கும் விதியாகட்டும். வெளியிடப்படாத பதிவு அழிய வேண்டியதில்லை. ஐவரிடமும் ஒவ்வொரு படி இருக்கட்டும். காலம் கனிந்தால் அவர்களே அதை ஓர் ஆவணக்காப்பகத்துக்குத் தருவார்கள்.

ஆய்வுலகம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. யூடியூபில் கிடைத்த அமர்வை ஆய்வேட்டில் சேர்க்க விரும்பும் மாணவரிடம், நெறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘ஐந்து பேரிடமும் கேட்டாயா?’ நான்கு பேரிடம் மட்டும் கேட்டிருந்தால் அந்தக் கோப்பு ஆய்வேட்டுக்குள் வரக்கூடாது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளரும் அதே கேள்வியைக் கேட்கட்டும். தரவு குறையும் என்று அஞ்சுவோர், ஐந்து மின்னஞ்சல்களை எழுதிப் பார்த்துவிட்டு அஞ்சலாம்.